சாவி கொடுக்கச் சொன்னவர்

தம்பையா கைக்குட்டையை மேசைமேல் வைத்து, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஏதோ கோயில் பிரசாதம் என்று நினைத்து நான் வலது கையை நீட்டிவிட்டேன்.

"கை வையாதையும்!" என்றார்.

உள்ளே இருந்தது வட்டமான ஒரு டப்பா. மூக்குப்பொடி டப்பாவுக்கு நிக்கல் முலாம் பூசி, அதற்கே ஒரு மூக்கையும் வைத்தது போல இருந்தது.

"சவுண்டு பாக்ஸ், ஐசே. புதுசு. உம்மடை கிராமபோன் மெஷினிலை இருக்கிற டப்பாவைக் கழட்டிப்போட்டு இதைப் பூட்டிப் பாரும்."

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் கொடியில் காய்ந்த வேட்டிகளின் மேல் நிலக்கரித் தூள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய வெள்ளம் வந்து வடிந்து, சுவரில் அது விட்டுப்போன கோடு மட்டும் மீதமிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் கேட்டு எழுதாதீர்கள். போன வாரம் குடையைப் பற்றி எழுதியபோது துணிந்து ஒரு வருஷத்தைச் சொன்னேன். அந்த வருஷத்தில் எங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று என் மனைவி பாக்கியம் வீட்டிலேயே மறுப்பு வெளியிட்டுவிட்டாள்.

தம்பையா அடுத்த வரிசையில் குடியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், யாரையும் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார். ரயில்வேயில் கணக்குப் பிரிவு. நான் சரக்கு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவர் கணக்குப் பார்க்கும்போது பென்சிலைச் சீவும் அழகைப் பார்த்தால், எனக்கு என் வேலையை ராஜினாமா செய்துவிடலாமா என்று தோன்றும்.

"இப்ப உம்மடையிலை இருக்கிறது காக்காய்ப்பொன் தகடு. அதிலை வாறது பாட்டே? தகரக் கொட்டகையிலை மழை பெய்யிற சத்தம். இது அலுமினியம். ஒரு கிழமை வைச்சிருந்து கேளும். பிடிச்சால் எடும். பிடியாட்டில் வாற ஞாயிறு கடையிலை திருப்பிக் குடுப்பம்."

"விலை?"

"முதல் பாட்டைக் கேளும்."

விலையை இங்கே எழுதப் போவதில்லை. பாக்கியம் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறாள்.

ஊமத்தம்பூ வந்த கதை

அந்த மெஷினை நான் வாங்கப் போகவில்லை. கட்டில் வாங்கப் போனேன்.

ஊருக்குத் திரும்புகிற ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஏலம். தேக்குக் கட்டில் ஒன்று இருப்பதாகக் கேள்வி. நான் போய்ச் சேர்வதற்குள் கட்டிலை என் மேலதிகாரி எடுத்துவிட்டார். மேலதிகாரி கண்ணெதிரே வெறுங்கையோடு திரும்பினால், கட்டிலுக்காகத்தான் வந்தேன் என்று தெரிந்துபோகும். அதனால் கிராமபோனுக்காகவே வந்தவன் மாதிரி அதைக் கேட்டேன். எதிர்த்துக் கேட்க ஒருவரும் இல்லை. ஏன் இல்லை என்பது வீட்டுக்கு வந்து சாவி கொடுத்த பிறகு புரிந்தது.

ரிக்‌ஷாவில் பெட்டி காலடியில். குழாய் என் மடியில். பெரிய ஊமத்தம்பூ ஒன்றைக் கட்டிக்கொண்டு வருகிற என்னை வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். கட்டிலுக்காக அறையைப் பெருக்கி வைத்துக் காத்திருந்த பாக்கியமும் பார்த்தாள்.

"இதுல எப்படிப் படுக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

மெட்ராஸிலிருந்து கப்பலில் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு வந்து இறங்கும் பாட்டுப் பிளேட்டுகள், கிள்ளான் கடைகளில் விற்பனைக்கு வரும். வழியில் வெயில்பட்டு வளைந்தவற்றைக் கடைக்காரர் தனியாக அடுக்கி வைத்திருப்பார். என் வீட்டுச் சங்கீதமெல்லாம் அந்த அடுக்கிலிருந்துதான். பாடகர் இன்னும் கப்பலிலேயே நின்று பாடுவது போலக் குரல் ஏறும், இறங்கும். கடைசியில் பாடியவரே தம் பெயரைச் சொல்லி விடைபெறுவார். கரை சேர்ந்தாரே என்று நமக்கும் ஒரு நிம்மதி வரும்.

காலியாகாத டிரங்குப் பெட்டி

தம்பையா புது டப்பாவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, அந்த அறையில் இன்னொருவரும் இருந்தார். என் மாமனார்.

செந்தூல் ரயில்வே பட்டறையில் பாய்லருக்கு ஆணி அறைகிற வேலையில் இருந்தவர். இரும்புத் தொட்டிக்குள் ஒருவர் உட்கார்ந்துகொள்ள, வெளியிலிருந்து இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். மாமனார் உள்ளே உட்கார்ந்தவர். அந்த வேலையில் காது தங்காது. ஓய்வு பெற்று, மாமியாரும் போன பிறகு, கிள்ளானில் ஒரு கடையின் பின்னறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். பாக்கியம் போய், "ஒரு வாரம் வந்து இருங்கப்பா" என்று கெஞ்சி அழைத்து வந்தாள்.

ஒரு வாரம் என்றால் ஒரு வாரம். அதனால் அவர் டிரங்குப் பெட்டியைக் காலி செய்யவே இல்லை. காலையில் திறந்து ஒரு வேட்டியை எடுப்பார், பூட்டுவார். மாலையில் திறந்து மடித்து வைப்பார், பூட்டுவார். மூன்று தீபாவளிகளை அந்தப் பெட்டியிலிருந்தே கொண்டாடிவிட்டார்.

பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்கு உள்ளூரக் குத்திக்கொண்டே இருந்தது. இரண்டாம் முறை குழம்பு கேட்கமாட்டார். தாகம் எடுத்தால் தாமே எழுந்து போய்க் குடிப்பார். என்னைவிட முப்பது வயது மூத்தவர், நான் உள்ளே வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பார். உட்காருங்கள் என்று நான் கத்துவேன். தெருவில் போகிறவர்கள் மாமனாரைத் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மாதம் ஒருமுறை, "வர்ற வெள்ளிக்கிழமை கிள்ளானுக்குப் போறேன் மாப்பிள்ளை" என்பார்.

"இருங்க மாமா, என்ன அவசரம்?"

"சரி."

அவ்வளவுதான். அடுத்த மாதம் வரை தங்குவதற்கு அனுமதி புதுப்பிக்கப்பட்டுவிடும். கிள்ளானில் அவருக்கு ஒன்றுமில்லை. சிநேகிதர்கள் ஒவ்வொருவராக ஊர்க் கப்பல் ஏறிவிட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஒரே ஒரு உத்தரவு

ஆனால் கிராமபோன் பாட ஆரம்பித்தால் ஆள் வேறு. நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார். இளவயதில் சனிக்கிழமை பஜனையில் ஜால்ரா அவர் கையில்தான். வலது கை தொடையில் தாளம் போடும். இடது கை பெட்டியின் மேல் இருக்கும். நான் அதை வைத்திருந்த முக்காலிக்கு ஒரு கால் குட்டை. அதனால் ஆடாமல் பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்தோம்.

காது மந்தம்தான், ஆனால் பாட்டுக்கு மட்டும் திறந்துகொள்ளும் என்பது எங்கள் வீட்டுச் சித்தாந்தம். அதற்கு எங்களிடம் ஆதாரமும் இருந்தது. அந்த மெஷினின் சுருள்வில் கிழடு. முழுக்கச் சாவி கொடுத்தாலும் சில நாள் பாட்டின் நடுவிலேயே தளர்ந்துவிடும். தளரப்போவதை எங்களுக்கெல்லாம் முன்னால் கண்டுபிடிக்கிறவர் அவர். குரல் இறங்குவது என் காதில் விழுவதற்கு முன்பே, கண்ணைத் திறக்காமல் சொல்லுவார்:

"மாப்பிள்ளை, சாவி."

நான் எழுந்து போய்ச் சாவி கொடுப்பேன்.

மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட பொருள் அது ஒன்றுதான். கேட்டதுகூட இல்லை, உத்தரவு. அந்த ஒரு சொல்லை அவர் சொல்லும்போது விருந்தாளியின் குரல் இருக்காது. வீட்டுப் பெரியவரின் குரல் இருக்கும். அடுப்படியில் பாக்கியம் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வாள். நான் மெஷின் பக்கம் கண்ணை வைப்பதையே விட்டுவிட்டேன். அவர் சொல்லுவார், நான் கொடுப்பேன் என்று பழகிப்போயிற்று.

செத்த பாம்பு

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

தம்பையா தாமே முழுக்கச் சாவி கொடுத்தார். புது ஊசி போட்டார். (நான் ஓர் ஊசியைத் திருப்பித் திருப்பிப் போட்டு அமாவாசை வரை ஓட்டுகிறவன். அவர் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி.) பிளேட்டின் மேல் டப்பாவை இறக்கினார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உபசாரத்துக்குச் சொல்லவில்லை. அந்தப் பாட்டை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். பாடுகிற அம்மாள் மூச்சு வாங்குகிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்தில் ஒரு வயலினும் இருந்திருக்கிறது. இத்தனை நாள் அதை ஊசி கீறும் சத்தம் என்று நினைத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், எடுத்த துணியோடு அப்படியே நின்றார்.

"எப்பிடி?" என்றார் தம்பையா.

நான் குனிந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன்.

"பாத்தீரே? ஒரு நடுக்கமும் இல்லை. இதிலை ரப்பர் வளையம் கிடக்கு. அதிர்ச்சியை எல்லாம் அது விழுங்கிப்போடும். பெட்டி செத்த பாம்பு மாதிரிக் கிடக்கும்." அப்போதுதான் மாமனாரின் இடது கையைக் கவனித்தார். "ஐயா, கையை எடுங்கோ. பெட்டியிலை கை வைச்சால் நாதம் அமர்ந்துபோம்."

மாமனாருக்குக் கேட்கவில்லை. நான்தான் காதருகே குனிந்து கத்தினேன்: "மாமா! கையை எடுத்துடுங்க! பாட்டு கெட்டுப்போகுமாம்!"

"அப்படியா மாப்பிள்ளை!" என்று சட்டென்று கையை எடுத்தார். நாற்காலியையும் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார். கண்ணை மூடித் தாளம் போட ஆரம்பித்தார்.

"எப்படி இருக்கு மாமா, புதுசு?"

"ரொம்ப நல்லாருக்கு மாப்பிள்ளை. பேஷ்."

போதாதா? தம்பையா சொல்லிவிட்டார், மாமனாரும் சொல்லிவிட்டார், என் காது எப்போதோ சொல்லிவிட்டது. விலையைப் பாக்கியத்திடம் எந்த நாளில், எந்தப் பலகாரத்துக்குப் பிறகு சொல்வது என்பது மட்டுமே பாக்கி என்று நினைத்தேன்.

நார்க் கயிறு

செவ்வாய்க்கிழமை பாசாருக்குப் போன மாமனார், தேங்காய் நார்க் கயிறு ஒரு சுருள் வாங்கி வந்தார். டிரங்குப் பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். பாய்லர்க்காரர் கட்டு, இரண்டு கழுதைகள் இழுத்தாலும் அவிழாது.

"வெள்ளிக்கிழமை கிள்ளானுக்குப் போறேன் மாப்பிள்ளை."

"இருங்க மாமா, என்ன அவசரம்?"

"காலை ரயிலு" என்றார். "சரி" என்று சொல்லவில்லை.

மூன்று வருஷமாகச் சொன்ன வெள்ளிக்கிழமைகளில் ரயில் வந்ததே இல்லை. பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த வெள்ளக் கோட்டைப் பார்த்தேன்.

"நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?" என்று பிறகு அடுப்படியில் கேட்டாள்.

"நானா? நான் என்ன சொல்லப்போறேன்?"

"குழம்பு சரியில்லையோ?"

"குழம்புக்கு ஒருத்தர் கயிறு வாங்குவாரா?"

புதன்கிழமை

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்ததும், அவரைக் குளிர வைக்கலாம் என்று அவருக்குப் பிடித்த பிளேட்டைப் போட்டேன். அவர் ஞாயிற்றுக்கிழமை நகர்த்திய இடத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் சாய்வு நாற்காலியில் கிடந்து வயலினுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

பாதிப் பாட்டில் அம்மாளின் குரல் கனத்தது. பிறகு ஆண் குரலாயிற்று. பிறகு சேற்றில் இறங்கிய எருமையின் குரலாகி, இழுத்து, முனகி, நின்றுபோயிற்று. 'சாவி' என்ற சொல் வரும் என்று காத்திருந்த நான் நாற்காலியை விட்டு அசையவே இல்லை.

சிரித்துக்கொண்டே மாமனாரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பிளேட் நின்றுபோன பிறகும் கை நிற்கவில்லை. மாறாத காலப் பிரமாணத்தில், அம்மாள் விட்ட இடத்திலிருந்து பாட்டு அவருக்குள் நடந்துகொண்டிருந்தது. தலையை ஆட்டி ரசிக்கிறார். சரணம் முடிகிற இடத்தில் "ஆகா" என்றார். இடது கை மடியில் சும்மா கிடந்தது, உள்ளங்கை மேலே பார்க்க.

கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்ற பாக்கியமும் அதைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"அவருக்கு இந்தப் பாட்டு எப்பவுமே கேட்டதில்லைங்க" என்றாள் மெதுவாக. மெதுவாகப் பேச வேண்டிய தேவையே இல்லை. "கையாலதான் கேட்டிருக்காரு. ஞாயித்துக்கிழமை நீங்க கையை எடுக்கச் சொன்னீங்க. செவ்வாய்க்கிழமை அவரு கயிறு வாங்கினாரு."

நான் எழுந்து போய்ச் சாவி கொடுத்து, பிளேட்டை முதலிலிருந்து விட்டேன். மாமனாரின் கையைப் பிடித்துப் பெட்டியின் மேல் வைத்தேன். அவர் கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, பெட்டி சுடுதான்னு பாக்கச் சொல்றீங்களா?" என்று கவலையோடு கேட்டார்.

செத்த பாம்பு. தம்பையாவின் ரப்பர் வளையம் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

தம்பையாவின் தீர்ப்பு

ஞாயிற்றுக்கிழமை புது டப்பாவை அதே கைக்குட்டையில் சுற்றித் தம்பையாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். காரணத்தைச் சொல்லவில்லை. காரணம் என் மாமனாருடையது, ஊருக்குச் சொல்ல எனக்கு உரிமையில்லை. இப்போது அவர் இல்லை, எழுதுகிறேன்.

"பிடிக்கேல்லையோ?" என்றார் தம்பையா. அவர் முகம் சுருங்கியது.

"பழகின சத்தம் போதும்னு தோணுது."

அவர் கைக்குட்டையின் நான்கு மூலைகளையும் பிரித்து, டப்பாவைப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார். "ஐசே," என்றார் கடைசியில், "உமக்கு எல்லாம் இருக்கு. காதுதான் இல்லை."

இன்றுவரை பிரிக்பீல்ட்ஸில் என்னைப் பற்றி நிலவும் அபிப்பிராயம் அதுதான். சங்கீதம் என்ற பேச்சு வந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் தம்பையா என்னைக் கண்ணால் காட்டுவார். போன மாதம் ரேடியோ வாங்கியிருக்கிறார். வந்து கேட்கச் சொன்னார். "இதுக்குச் சாவியே தேவையில்லை" என்றார் பெருமையோடு. ரொம்பவும் நன்றாகத்தான் இருந்தது. காதில்லாதவன் பாராட்டு என்று அவர் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை

கதையை ஞாயிற்றுக்கிழமைவரை ஓட்டிவிட்டேன். அதற்கு முந்தின வியாழக்கிழமைக்குத் திரும்ப வேண்டும். மறுநாள் காலை ரயில். கட்டிய டிரங்குப் பெட்டி வாசற்கதவருகே நின்றது.

ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் புது டப்பாவைக் கழற்றினேன். கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு பக்கம் போட்டுக் கேட்டேன். அந்த மூச்சை, அந்த வயலினை. பிறகு பழையதைப் பூட்டினேன்.

ஆனால் உண்மையைச் சொல்ல முடியாது. உங்களுக்காக மாற்றினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாப்பிள்ளைக்குத் தன்னால் நஷ்டம் என்று அன்று மாலை ரயிலுக்கே கிளம்பிவிடுவார்.

"மாமா! புதுசு நமக்குச் சரிப்படலை! திருப்பிக் குடுத்துடப் போறேன்!"

அவர் யோசித்தார்.

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு மாப்பிள்ளை. சொன்னா நீங்க தப்பா எடுத்துக்குவீங்கன்னு இருந்துட்டேன். கொஞ்சம் கீச்சுக் குரல்."

அது கீச்சுக் குரல் இல்லை. அதைப் போலக் கனிந்த குரலை அந்த வீடு அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்கவில்லை.

"ஆமா மாமா, ஒரே கீச்சு!"

"பழசுதான் பேசும்."

ஊசியை வைத்தேன். தகரக் கொட்டகையில் மழை ஆரம்பித்தது. பெட்டி கடகடவென்று நடுங்கியது. முக்காலியின் குட்டைக் கால் தரையில் தந்தியடித்தது. வயலின் மறுபடியும் ஊசிக் கீறலாகிவிட்டது.

"மாப்பிள்ளை, பெட்டி ஆடுதே. கொஞ்சம் பிடிச்சுக்கவா?"

"பிடிச்சுக்குங்க மாமா! இல்லேன்னா விழுந்துடும்!"

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆணியின் அடியை நாற்பது வருஷம் வாங்கிய அந்த இடது கையைப் பெட்டியின் மேல் மெதுவாக வைத்தார். விரல்கள் அகன்றன. கண்கள் மூடின. முகத்தில் என்ன வந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நான் நகைச்சுவை எழுதுகிறவன்.

வேண்டுமென்றே சாவி குறைத்துத்தான் கொடுத்திருந்தேன். பல்லவி போயிற்று. அனுபல்லவி போயிற்று. நான் கதவருகே இருந்த கயிற்றுக் கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாளின் குரல் இன்னும் அம்மாளின் குரலாகவே இருந்தது. என் காதுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

"மாப்பிள்ளை, சாவி."

எழுந்திருக்கத்தான் நினைத்தேன். அந்தக் குரலில் விருந்தாளி இல்லை, இந்த வெள்ளிக்கிழமையும் ரயில் வரப்போவதில்லை. இன்னொரு முறை கேட்டுவிட்டு எழுந்திருக்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

"மாப்பிள்ளை! சாவி!"

அடுப்படியிலிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது: "அப்பா கூப்பிடறாரு பாருங்க. உங்களுக்கு என்ன, காது கேட்கலையா?"